வாடிக்கையாளருக்கு மெயில் அனுப்புவது: கொழும்பில் கடை நடத்துபவருக்கான முழுமையான வழிகாட்டி

மெயில் அனுப்பத் தொடங்கும் பலர் கடைசி வேலையை முதலில் செய்கிறார்கள். தீபாவளிக்கு ஒரு போஸ்டர் வரைவார்கள், கையில் கிடைத்த முகவரிகளையெல்லாம் திரட்டுவார்கள், ஒரே இரவில் எல்லாருக்கும் அனுப்பிவிடுவார்கள். பதில் வராது. அப்புறம் “மெயிலை இப்ப யார் பார்க்கிறார்கள், வட்ஸ்அப்பே போதும்” என்று முடிவு கட்டிவிடுவார்கள். யாரும் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த மெயிலில் பாதி ஸ்பாம் பெட்டியில் கிடந்திருக்கும், மீதியில் எழுத்து உடைந்திருக்கும்.

இந்த வழிகாட்டி வெள்ளவத்தைச் சாறிக்கடை, செட்டியார் தெரு நகைக்கடை, கொட்டாஞ்சேனை டியூஷன் வகுப்பு மாதிரியான இடங்களுக்கு. சில நூறிலிருந்து சில ஆயிரம் முகவரி வரை வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். படிகளை இதே ஒழுங்கில் செய்யுங்கள். நான்காவது படி முடியாமல் ஆறாவதற்குப் போனால் எழுதிய மெயில் வீண்.

1. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, சொந்த டொமைன், அதாவது கடைக்கென்று பதிவு செய்த இணைய முகவரிப் பெயர். டொட் எல்கேயோ டொட் கொம்மோ எதுவானாலும் சரி, கடையின் பெயரில் இருக்க வேண்டும். கடைப் பெயருக்குப் பின்னால் ஜிமெயில் என்று முடியும் முகவரியை வைத்துக்கொண்டு மொத்தமாக அனுப்ப முடியாது. சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்பவும் விடாது.

இரண்டாவது, அந்த டொமைனின் அமைப்புகளை வைத்திருக்கும் டிஎன்எஸ் பக்கத்துக்குள் நுழையும் கடவுச்சொல். இங்கேதான் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். இணையத்தளம் செய்து கொடுத்த தம்பி எப்போதோ வெளிநாடு போயிருப்பார், கடவுச்சொல் அவரிடம் இருக்கும். மெயில் வேலை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே இதைத் தேடி வாங்கி வையுங்கள். டொமைன் கடைக்காரரின் பெயரில்தான் பதிவாகியிருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

மூன்றாவது, மெயில் அனுப்பும் சேவை ஒன்று. மெயில்சிம்ப், பிரேவோ, மெயிலர்லைட், சோஹோ கெம்பெயின்ஸ் என்று பல இருக்கின்றன. சிறிய பட்டியலுக்கு எதை எடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. இலவசத் திட்டங்களின் வரம்பு அடிக்கடி மாறுவதால் சேரும் அன்றைக்கு விலைப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

நான்காவது, பதில் எழுத ஒரு ஆள். இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒன்பதாவது படியில் இதற்கு வருகிறேன்.

2. எதை மெயிலில் அனுப்புவது, எதை வட்ஸ்அப்பில் அனுப்புவது

“இன்றைக்கு ஏழு மணிக்குக் கடை பூட்டுகிறோம்” என்பது வட்ஸ்அப்புக்கு உரியது. உடனே பார்க்க வேண்டும், நாளைக்குத் தேவைப்படாது. பில், உத்தரவாத விபரம், வகுப்புக் கட்டணப் பட்டியல், திருப்பிக் கொடுக்கும் விதிமுறை போன்றவை மெயிலுக்கு உரியவை. ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் தேடி எடுக்கப்போகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால் மெயில்.

இன்னொரு பிரிவையும் இப்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். பில், ஓடர் உறுதிப்படுத்தல் போன்ற கொடுக்கல் வாங்கல் மெயில் ஒரு வகை. புதுச் சரக்கு, கழிவு விலை என்று சொல்லும் விளம்பர மெயில் இன்னொரு வகை. பில் மெயிலுக்குள் விளம்பரத்தைத் திணித்தால், விளம்பரம் வேண்டாதவர் பில்லையும் சேர்த்தே ஸ்பாம் என்று குறித்துவிடுவார். அப்புறம் அடுத்த பில் அவருக்குப் போய்ச் சேராது.

3. முகவரி சேர்ப்பது

விலைக்கு விற்கிற முகவரிப் பட்டியலை வாங்காதீர்கள். அதில் பாதி செத்த முகவரிகள், மீதி உங்களைத் தெரியாதவர்கள். தெரியாத கடையிடமிருந்து மெயில் வந்தால் ஆட்கள் படிப்பதில்லை, ஸ்பாம் பட்டனை அழுத்துகிறார்கள். அந்த அழுத்தல் உங்கள் டொமைனின் பெயரைக் கெடுக்கும், அதன் பிறகு உண்மையான வாடிக்கையாளருக்குப் போகும் மெயிலும் ஸ்பாமுக்குள் விழும்.

சட்டமும் இதையே சொல்கிறது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், ஒருவரின் ஒப்புதல் இருந்தால்தான் அவருக்கு இப்படியான செய்திகளை அனுப்பலாம், செலவில்லாமல் விலகிக்கொள்ளும் வழியையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் வாடிக்கையாளர் வைத்திருக்கும் கடைக்கு அந்த நாட்டுச் சட்டங்களும் பொருந்தலாம். அங்கேயும் அடிப்படை இதேதான்: கேட்டு வாங்கு, போகச் சொன்னால் விட்டுவிடு.

கடையில் சேர்ப்பதானால் பில் போடும் இடத்தில் ஒரு கியூஆர் குறியீட்டை ஒட்டி, வாடிக்கையாளர் தன் போனிலேயே முகவரியைத் தட்டச்சிடச் செய்யுங்கள். கொப்பியில் எழுதி வாங்கினால் யாரோ ஒருவர் அதைப் பார்த்துப் பார்த்து கொம்பியூட்டரில் ஏற்ற வேண்டியிருக்கும், ஒன்று என்ற இலக்கத்துக்கும் எல் என்ற ஆங்கில எழுத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் தவறு வரும். படிவத்தில் மூன்றே கேள்வி போதும்: முகவரி, எந்த மொழியில் வேண்டும், எந்த நாட்டில் இருக்கிறீர்கள். பிறந்த நாள், வேலை, அடையாள அட்டை இலக்கம் என்று நீட்டினால் ஆட்கள் பாதியில் போய்விடுவார்கள். தேவையில்லாத தரவைச் சேர்த்து வைத்தால் அதைக் காக்கும் பொறுப்பும் உங்கள் தலையில்.

சேர்ந்தவுடன் “நீங்கள்தானா? உறுதிப்படுத்த இந்த லிங்க்கை அழுத்துங்கள்” என்று ஒரு மெயில் தானாகப் போகும்படி வையுங்கள். சிலர் அழுத்தாமல் விடுவார்கள், பட்டியல் சிறிதாகும். பரவாயில்லை. தவறான முகவரிகளும் வேறொருவர் விளையாட்டாகப் போட்ட முகவரிகளும் இந்த இடத்திலேயே கழிந்துவிடும்.

கையில் ஏற்கெனவே பழைய பட்டியல் இருந்தால், கடந்த ஓராண்டுக்குள் உங்களிடம் வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு தடவை எழுதி, தொடர்ந்து அனுப்பலாமா என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரைச் சேர்க்க வேண்டாம்.

4. டொமைனுக்கு அடையாளம் கொடுப்பது

கொஞ்சம் தொழில்நுட்பம். ஆனால் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும், பிறகு திரும்பிப் பார்க்கும் தேவை அதிகம் வராது.

உங்கள் பெயரைப் போட்டு யார் வேண்டுமானாலும் மெயில் அனுப்ப முடியும். ஆகவே பெறுகிற பக்கத்தில் இருக்கும் ஜிமெயிலோ யாஹூவோ, இது உண்மையில் அந்தக் கடையிலிருந்துதான் வருகிறதா என்று சோதிக்கிறது. சோதனை மூன்று. எஸ்பிஎஃப் என்பது எந்தெந்தச் சேவை உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல். டிகேஐஎம் என்பது ஒவ்வொரு மெயிலிலும் விழும் கையொப்பம். டிமார்க் என்பது இந்த இரண்டும் பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று நீங்கள் சொல்லி வைக்கும் கட்டளை. ஒரு நாளில் 5,000க்கு மேற்பட்ட மெயில்களை ஜிமெயில் கணக்குகளுக்கு அனுப்புபவர்கள் மூன்றையும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 பெப்ரவரியிலிருந்து கூகுள் கட்டாயமாக்கியது. அதற்குக் குறைவாக அனுப்புபவர்களிடம் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது கேட்கிறது. சிறிய கடையும் மூன்றையும் செய்துவிடுவதுதான் நல்லது.

அனுப்பும் சேவையில் “டொமைனைச் சரிபார்” என்ற பகுதிக்குப் போனால் சில வரிகளைத் தரும். அவற்றை டிஎன்எஸ் பக்கத்தில் ஒட்ட வேண்டும். இதில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இவை:

எஸ்பிஎஃப் வரி ஒரு டொமைனுக்கு ஒன்றுதான் இருக்கலாம். அலுவலக மெயிலுக்காக ஏற்கெனவே ஒன்று இருக்கும், அதைப் பார்க்காமல் இரண்டாவது வரி போட்டால் இரண்டுமே செல்லாமல் போகும். புதிய சேவையின் பெயரைப் பழைய வரிக்குள்ளேயே சேர்க்க வேண்டும்.

டிகேஐஎம் வரியின் பெயரை ஒட்டும்போது சில டிஎன்எஸ் பக்கங்கள் டொமைன் பெயரைத் தாங்களாகவே பின்னால் சேர்த்துவிடும். நீங்களும் சேர்த்தால் டொமைன் இரண்டு தடவை வந்துவிடும். சேவை “கிடைக்கவில்லை” என்று சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

டிமார்க்கை முதலில் மிகத் தளர்வான நிலையில், அதாவது “நன்” (none, எதுவும் செய்ய வேண்டாம்) என்று வையுங்கள். சில வாரம் அறிக்கைகளைப் பார்த்து, உங்கள் மெயில்கள் எல்லாம் சரியாகப் போகின்றன என்று தெரிந்த பிறகு இறுக்குங்கள். முதல் நாளே இறுக்கினால், நீங்கள் மறந்துபோன ஏதோவொரு பில் மென்பொருளின் மெயில்கள் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

முடிந்ததும் உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்பி, கொம்பியூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் “ஷோ ஒரிஜினல்” என்பதை அழுத்துங்கள். மூன்றுக்கும் நேரே “பாஸ்” என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

5. பட்டியலைப் பிரிப்பது

இரண்டு பிரிவு போதும்: மொழி, நாடு. கொழும்புக் கடைக்குத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் படிப்பவர்கள் வருவார்கள். மூன்று மொழியையும் ஒரே மெயிலில் அடுக்கினால் ஒவ்வொருவரும் தன் பகுதியைத் தேடி விரலால் தள்ளிக்கொண்டே போக வேண்டும். தனித்தனியாக அனுப்புங்கள். மூன்று மொழியிலும் எழுத ஆள் இல்லையென்றால், எழுத முடிந்த மொழிகளை மட்டும் படிவத்தில் காட்டுங்கள்.

நாடு ஏன் என்றால், வெள்ளவத்தைக் கடைக்கு வந்து பார்க்கச் சொல்லும் மெயில் ரொறன்ரோவில் இருப்பவருக்குத் தொந்தரவு. அவருக்கு வேண்டியது அனுப்பும் செலவும் போய்ச்சேரும் நாளும்.

6. எழுதுவது

முதலில் எழுத்துரு. இலங்கையில் இன்னும் பலர் பாமினியில் தட்டச்சுகிறார்கள். பாமினியில் அடித்ததை மெயிலில் ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத போனில் அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தெரியும். உங்கள் கொம்பியூட்டரில் சரியாகத் தெரிவதால் கண்டுபிடிக்கவும் முடியாது. எல்லாப் போனுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோட்டில் மட்டும் எழுதுங்கள். பழைய நோட்டீஸிலிருந்து எடுப்பதானால் பாமினியை யூனிகோட்டாக்கும் மாற்றியில் போட்டு, மாற்றிய பிறகு ஒரு தடவை வாசித்துத் திருத்துங்கள்.

அடுத்தது அனுப்புநர் பெயர். கடையின் பெயர் இருக்கட்டும், வாடிக்கையாளர் பெயர்ப் பலகையில் பார்த்த அதே பெயர். உள்ளே பதிவு செய்த கம்பனிப் பெயரைப் போட்டால் யாரென்று தெரியாது.

தலைப்பு வரி. போனில் முதல் சில சொற்கள்தான் தெரியும், தமிழ் எழுத்து அகலமானது என்பதால் இன்னும் குறைவாகவே தெரியும். ஆகவே விஷயத்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். “எமது அன்பான வாடிக்கையாளர்களுக்கு ஓர் மகிழ்ச்சியான அறிவித்தல்” என்பதில் போனில் தெரிவது “எமது அன்பான”. அதற்குப் பதிலாக “பருத்திச் சாறி வந்திருக்கு, ரூ. 4,500 முதல்” என்று போட்டால் திறக்காதவருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். தலைப்புக்குப் பக்கத்தில் மங்கலாகத் தெரியும் முன்னோட்ட வரியையும் நிரப்புங்கள். விட்டுவிட்டால் “இந்த மெயிலை உலாவியில் பார்க்க” என்ற வரி அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

விளிப்பு. சேவைகள் எல்லாம் பெயர் போட்டு அழையுங்கள் என்று தூண்டும். தமிழ்ப் பெயரில் அது அடிக்கடி சொதப்பும். முதலெழுத்தை முன்னால் எழுதுவது நம் வழக்கம், ஆகவே “முதல் பெயர்” என்ற கட்டத்தில் “எஸ்.” என்று இருக்கும், மெயில் “வணக்கம் எஸ்.” என்று போகும். வயதில் மூத்தவரை வெறும் பெயர் சொல்லி அழைத்ததாகவும் ஆகும். கடையில் என்றால் முகம் பார்த்து அக்கா என்றோ ஐயா என்றோ சொல்லிவிடலாம், மெயிலில் முகம் தெரியாது. வெறும் “வணக்கம்” போதும். பெயர் போட்டே ஆக வேண்டுமென்றால் பெயருக்குப் பின்னால் வேற்றுமை உருபு ஒட்டாத மாதிரி வாக்கியத்தை அமையுங்கள், ஏனென்றால் ஆங்கில எழுத்தில் பதிந்த பெயரோடு “க்கு” ஒட்டினால் கண்ணை உறுத்தும்.

உடல் பகுதியில் ஒரு மெயிலுக்கு ஒரு வேலை. புதுச் சரக்கு, இடமாற்றம், வேலைக்கு ஆள் தேவை மூன்றையும் ஒன்றாகப் போட்டால் மூன்றில் ஒன்றைக்கூட யாரும் செய்யமாட்டார்கள். முதல் இரண்டு வரியில் விஷயம், பிறகு விலை, எங்கே எப்போது, கடைசியில் ஒரு பட்டன்.

படம் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். கென்வாவில் செய்த போஸ்டரை முழு மெயிலாக ஒரே படமாக ஒட்டுவது இங்கே மிகப் பரவலான பழக்கம், கெட்ட பழக்கமும்கூட. படம் திறக்காத இடத்தில் வெறும் வெள்ளைப் பெட்டி தெரியும். ஆறு மாதம் கழித்து “சாறி” என்று தேடினால் கிடைக்காது, ஏனென்றால் சொல் படத்துக்குள் இருக்கிறது. பார்வையற்றவரின் போன் வாசிக்காது. டேட்டா கார்ட் போட்டுப் பார்ப்பவருக்குச் செலவு. விலை, திகதி, முகவரி மூன்றும் எழுத்தாக இருக்க வேண்டும். படம் சரக்கைக் காட்டுவதற்கு மட்டும். விலைப்பட்டியலை இணைப்பாக அனுப்பாமல் இணையத்தளத்தில் ஏற்றி லிங்க் கொடுங்கள்.

ஆடம்பரமான வடிவமைப்புகளையும் குறையுங்கள், அவை மெயிலுக்குப் பின்னால் இருக்கும் நிரலை (கோட்) நீட்டிவிடும். அந்த நிரல் 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மிச்சத்தை மறைத்துவிடும். மறைவது கீழ்ப்பகுதி, விலகும் லிங்க்கும் அங்கேதான் இருக்கும்.

அடியில் கடையின் முகவரி, தொலைபேசி, விலகும் லிங்க். லிங்க்கை ஒளித்து வைக்காதீர்கள். விலக வழி தெரியாதவர் கையில் எடுப்பது ஸ்பாம் பட்டனைத்தான்.

7. அனுப்புமுன் சோதிப்பது

உங்களுக்கே ஒன்று அனுப்பி, பழைய அண்ட்ரொய்ட் போன் ஒன்றில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு லிங்க்கையும் அழுத்துங்கள். விலை, கிழமை, திகதி மூன்றையும் நாட்காட்டி வைத்து ஒப்பிடுங்கள். “சனிக்கிழமை” என்று எழுதி ஞாயிற்றுக்கிழமைத் திகதி போடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். எழுதியவர் தவிர இன்னொருவர் வாசிக்க வேண்டும், எழுதியவருக்குத் தன் பிழை தெரியாது.

சேவை எதுவும் இல்லாமல் சாதாரண மெயிலில் பத்துப் பதினைந்து பேருக்கு அனுப்புவதானால், முகவரிகளை மறைபிரதிக் (பிசிசி) கட்டத்தில் போடுங்கள். மேலே போட்டால் எல்லாருடைய முகவரியும் எல்லாருக்கும் தெரியும். ஒருவர் “எல்லாருக்கும் பதில்” அழுத்தினால் சண்டையும் தொடங்கும்.

8. எப்போது, எவ்வளவு

புதிய டொமைனிலிருந்து முதல் நாளே ஆயிரக்கணக்கில் அனுப்பாதீர்கள். அண்மையில் வாங்கியவர்கள் ஒரு சிறு கூட்டத்துக்கு முதலில், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். முதலில் போகும் மெயில்கள் திறக்கப்பட்டால் பெறும் சேவைகள் உங்களை நம்பத் தொடங்கும்.

நேரம். கொழும்பில் காலை 10 மணி என்பது கோடை காலத்தில் ரொறன்ரோவில் நள்ளிரவு 12.30, லண்டனில் விடிகாலை 5.30. வெளிநாட்டுப் பிரிவுக்குக் கொழும்பு நேரம் மாலை 7.30க்கு அனுப்பினால் அங்கே முறையே காலை 10, பிற்பகல் 3. உள்ளூர்ப் பிரிவுக்கு, பதில் சொல்ல ஆள் கடையில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். போயா தினத்தில் கடை பூட்டுவதானால் அன்றைக்கு அனுப்ப வேண்டாம், கேள்விகள் வந்து குவியும், பதில் அடுத்த நாள்தான். ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டிக் கூரியர்கள் மெதுவாகும், ஓடர் கேட்கும் மெயில் அதற்கு நிறைய முன்பே போக வேண்டும்.

மாதத்துக்கு ஒன்று அல்லது இரண்டு போதும். சொல்ல விஷயம் இல்லாத மாதத்தில் அனுப்பாமல் விடுவதில் ஒரு நட்டமும் இல்லை.

9. பதில் வரும்போது

பதில் போட முடியாத முகவரியிலிருந்து அனுப்பும் கடைகளை எனக்குப் புரிவதே இல்லை. வாடிக்கையாளரோடு பேசுவதற்குத்தானே இவ்வளவு பாடு. அனுப்பும் முகவரியில் உண்மையான மெயில் பெட்டி இருக்கிறதா, அதை யார் திறக்கிறார்கள், அவர் லீவில் போனால் யார் என்று முடிவு செய்யுங்கள். ஒரு வேலை நாளுக்குள் பதில் போக வேண்டும். முழுப் பதில் இல்லையென்றால் “பார்த்துவிட்டோம், வியாழக்கிழமைக்குள் சொல்கிறோம்” என்றாவது.

முறைப்பாட்டுக்குப் பதில் எழுதும்போது முடிவை முதலில் சொல்லுங்கள், விளக்கம் பிறகு. வருத்தம் தெரிவிக்கும் மூன்று வரிக்குக் கீழே முடிவைத் தேடவைத்தால் கோபம் கூடும். இப்படி எழுதலாம்:

“வணக்கம். சாறியை மாற்றித் தருகிறோம், உங்களுக்குச் செலவு இல்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் கரையோரம் நூல் விட்டிருப்பது தெரிகிறது, குறை எங்களுடையது, மன்னிக்கவும். புதன்கிழமை எங்கள் ஆள் வந்து பழையதை எடுத்துக்கொண்டு புதியதைத் தருவார். புதன் வசதியில்லை என்றால், வசதியான நாளை இந்த மெயிலுக்கே பதிலாக எழுதுங்கள்.”

மாற்றித் தர முடியாது என்றாலும் இதே ஒழுங்கு: முடியாது என்பதை முதல் வரியில், காரணத்தை இரண்டாவதில், என்ன செய்ய முடியும் என்பதை மூன்றாவதில். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு மாதிரிப் பதில் வைத்திருக்கலாம். ஆனால் அனுப்புமுன் அந்த ஆள் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டை இலக்கத்தையோ கடவுச்சொல்லையோ மெயிலில் கேட்கவே வேண்டாம். வாடிக்கையாளர் தானாக அனுப்பினால்கூட, உங்கள் பதிலில் அது மேற்கோளாகத் திரும்பப் போகாதபடி அழித்துவிட்டு எழுதுங்கள்.

10. எண்களைப் பார்ப்பதும் பட்டியலைத் துப்புரவாக்குவதும்

திறந்தவர் வீதத்தை நம்பாதீர்கள். 2021இல் ஐஓஎஸ் 15உடன் அப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, அதைப் பயன்படுத்துபவர்களின் மெயில்களில் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. மெயிலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் திறந்ததை எண்ணுகிறார்கள், ஆகவே அவர் பார்க்காமலே திறந்ததாகக் கணக்கு ஏறும். லிங்க்கை அழுத்தியவர்கள், பதில் எழுதியவர்கள், மெயிலைக் காட்டிக் கடையில் வாங்கியவர்கள், இந்த மூன்றையும் எண்ணுங்கள். மூன்றாவதற்கு மெயிலில் ஒரு சிறு குறியீட்டைப் போட்டு, பில் போடுபவரிடம் அதைக் குறித்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

ஸ்பாம் முறைப்பாட்டு வீதத்தைக் கூகுளின் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸில் பார்க்கலாம், சிறிய பட்டியலுக்கு அதில் தரவு வராமலும் இருக்கும். 0.1 வீதத்துக்குக் கீழே வைத்திருங்கள், 0.3 வீதத்தைத் தொடவே கூடாது என்பது கூகுளின் அறிவுறுத்தல். அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர் முறையிட்டாலே எல்லை. ஏறினால் அனுப்புவதை நிறுத்தி, அந்த மெயில் யாருக்குப் போனது, அவர்கள் எப்படிப் பட்டியலுக்குள் வந்தார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் மூன்றாவது படியில்தான் ஓட்டை இருக்கும்.

இல்லாத முகவரி என்று திரும்பி வந்தவற்றை உடனே எடுத்துவிடுங்கள். பெட்டி நிரம்பியதால் திரும்பியவற்றுக்கு இன்னும் இரண்டு மூன்று வாய்ப்புக் கொடுக்கலாம். ஓராண்டாக எதையும் அழுத்தாத, எதையும் வாங்காத ஆளுக்கு “இன்னும் அனுப்பட்டுமா?” என்று ஒரே ஒரு மெயில். பதில் இல்லையென்றால் விளம்பரப் பட்டியலிலிருந்து மட்டும் நீக்குங்கள், பில் பட்டியலில் இருக்கட்டும். விலகியவர்களின் முகவரிகளை முழுதாக அழித்துவிடாமல், சேவையில் “விலகியவர்” என்ற நிலையிலேயே விடுங்கள். அழித்துவிட்டால், அடுத்த மாதம் யாராவது பழைய கோப்பை மறுபடி ஏற்றும்போது அவர்களும் திரும்ப உள்ளே வந்துவிடுவார்கள்.